மேகமும் ஒரு பந்தல்தான்

ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியிலும் மார்கழியிலும் அப்படியே. புரட்டாசி கழியட்டும் என்று காத்திருந்த குடும்பங்கள் ஐப்பசி பிறந்ததும் ஒரே சமயத்தில் பத்திரிகை அடிக்கின்றன. ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17 அல்லது 18-இல். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் என்று வானிலைத் துறை குறித்திருப்பது அக்டோபர் 20. முகூர்த்தப் பருவமும் மழைப் பருவமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், அருநூத்துமலைக்குத் தெற்கே, பாக்குத் தோப்பும் மரவள்ளிக்காடுமாகக் கிடக்கும் வாழப்பாடி வட்டாரத்தில் இன்றும் சில கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போகாமல் தோட்டத்து வீட்டிலேயே நடக்கின்றன. வாசலில் பந்தல், சுற்றித் தாழ்வாரம், தாழ இறங்கிய ஓட்டுக்கூரை, பழைய வீடாக இருந்தால் நடுவில் வானம் பார்த்த தொட்டிக்கட்டு. அன்று அடைமழை பிடித்துக்கொண்டால் வீட்டார் முதலில் கவலைப்படுவது சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி; அடுத்தது போட்டோவைப் பற்றி. இரண்டாவது கவலைக்கு அடிப்படை இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மழை மேகம் ஒளியின் அளவைக் குறைக்கிறது. அதற்கு ஈடாக ஒளியின் வடிவத்தைத் திருத்திக் கொடுக்கிறது. இன்றைய கேமராவால் அளவுக் குறையைச் சரிக்கட்ட முடியும். வடிவம் கெட்டால் எந்தக் கேமராவாலும் சரிக்கட்ட முடியாது.

ஒளியின் வடிவம் என்று இங்கே சொல்வது, அது எவ்வளவு பரந்த இடத்திலிருந்து, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை. தரையிலிருந்து பார்த்தால் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. தலைக்கு மேலுள்ள அரைக்கோள வானம் முழுவதையும் நிரப்ப அந்த அளவுள்ள வட்டுகள் 90,000-க்கு மேல் வேண்டும். வெயில் நாளில் நம் மேல் விழும் ஒளியின் பெரும்பகுதி அந்த ஒற்றை வட்டிலிருந்து வருவதால் நிழலின் விளிம்பு கூர்மையாக வெட்டுப்படுகிறது. மூன்று சென்டிமீட்டர் துருத்திய மூக்கு கன்னத்தில் போடும் நிழலில், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்ட மங்கல் பகுதி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, மாலையின் ஒவ்வொரு இதழ் என்று எல்லாமே தனித்தனியாகக் கறுப்புக் கோடு இழுக்கும். மேகம் மூடியதும் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. ஒரு திசையிலிருந்து வரும் ஒளி போட்ட நிழலை இன்னொரு திசையிலிருந்து வரும் ஒளி நிரப்புகிறது. கன்னத்தின் வளைவு வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்குகிறது. தட்டையான தாளில் ஒரு முகத்தை உருண்டையாக நம் கண் உணர்வது இந்தப் படிப்படியான இறக்கத்தைக் கொண்டுதான்.

மேகம் இதைச் செய்யும் விதம் எளியது. மேகத்திலுள்ள நீர்த்துளி ஒன்றின் ஆரம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். ஒளியின் அலைநீளத்தைப் போல 20 மடங்கு. நீர் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிகச் சொற்பமாகவே உறிஞ்சும். அதனால் துளிகள் ஒளியை விழுங்குவதில்லை, திசைதிருப்பி மட்டும் விடுகின்றன. தடித்த மழை மேகத்துக்குள் நுழைந்த ஒளி துளிக்குத் துளி திரும்பித் திரும்பி, பெரும்பகுதி மேல்வழியாகவே வெளியேறிவிடுகிறது. விமானத்திலிருந்து பார்த்தால் கண் கூசும் வெண்மையாக இருக்கும் மேகம் கீழிருந்து கறுத்துத் தெரிவதற்கு இதுவே காரணம். இப்படிப் பலமுறை சிதறும் ஒளியின் கணக்கைத் திட்டவட்டமாக வகுத்தவர்களில் முதன்மையானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் வளிமண்டலத்தை மனத்தில் வைத்து அவர் எழுதிய ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ நூல் 1950-இல் வெளிவந்தது. அந்தச் சமன்பாடுகள் வாழப்பாடி மேல் கவிந்த மேகத்துக்கும் பொருந்தும். பலமுறை சிதறிய ஒளிக்குத் தான் எந்தத் திசையிலிருந்து கிளம்பினோம் என்ற தடயமே இருப்பதில்லை. அடைமழை நாளில் காலை ஒன்பது மணி ஒளிக்கும் மாலை மூன்று மணி ஒளிக்கும் திசையில் வேறுபாடு இல்லை. துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால், வெயில் நாளின் நிழலில் தெரியும் நீலமும் இதில் குறைவு.

இது அழகுணர்ச்சியைப் பொறுத்த விஷயம் மட்டும்தானா? கடும் நிழலும் ஓர் அழகுதானே என்று கேட்கலாம். மேடை நாடகத்துக்கு அது பொருந்தும். கல்யாண ஆல்பத்துக்கு ஒரு கணக்குத் தடை இருக்கிறது. மாப்பிள்ளையின் புது வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும்; பெண்ணின் கருங்கூந்தல் நான்கு சதவீதம் அளவுக்கு. இரண்டுக்கும் இடையே 20 மடங்கு வேறுபாடு. வெயிலில் நின்றால், நிழல்பக்கம் வெயில்பக்கத்தைவிட ஏழெட்டு மடங்கு இருண்டுவிடும். வெயில் பட்ட வேட்டிக்கும் நிழலில் இருக்கும் கூந்தலுக்கும் இடையே வேறுபாடு 160 மடங்கு வரை எட்டுகிறது. ஆல்பத்தின் தாளில் மிக வெண்மையான இடத்துக்கும் மிகக் கறுப்பான இடத்துக்கும் உள்ள வேறுபாடு, நல்ல தாளாக இருந்தால், ஏறத்தாழ 100 மடங்கு. 160-ஐ 100-க்குள் திணிக்கும்போது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று வேட்டியின் மடிப்பு வெளுத்து மறையும், அல்லது கூந்தலும் மாநிற முகத்தின் நிழல்பக்கமும் ஒரே கறுப்பாகும். மேகத்தடியில் அந்த ஏழெட்டு மடங்கு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மீதமிருக்கும் 20 மடங்கு தாளில் தாராளமாக அடங்கும். பட்டுச்சேலையின் சரிகை வெயிலில் சில புள்ளிகளில் மட்டும் தெறித்து மற்ற இடத்தில் மங்கும். பரந்த வானத்தின் கீழ் முந்தானை முழுவதும் மினுங்கும்.

வெளிநாட்டுப் போட்டோ நூல்கள் இலையுதிர்காலக் கல்யாணத்துக்குச் சாய்ந்த பொன்வெயிலைப் பரிந்துரைக்கின்றன. அந்த அறிவுரை அங்கே சரி. நவம்பர் முதல் வாரத்தில் லண்டனில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 24 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. நாள் முழுவதும் பக்கவாட்டு ஒளிதான். அதே நாளில் வாழப்பாடியில் உச்சிச் சூரியன் 64 பாகை உயரத்தில் நிற்கிறது. ஐப்பசி வெயிலும் பெரும்பொழுது தலைக்கு மேலிருந்துதான் அடிக்கிறது. கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து, வரிசையில் நிற்கும் உறவினர்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். நம் ஊரில் பொன்வெயில் என்பது காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரமே. மேகத்தின் உதவி லண்டன்காரரைவிட வாழப்பாடிக்காரருக்கே அதிகம் தேவை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். மேகத்தின் ஒளியும் மேலிருந்துதானே வருகிறது? ஆம். பாரி மூன், டொமினா ஸ்பென்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1942-இல், முழுதும் மேகம் மூடிய வானத்தின் ஒளிர்வு எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கு ஒரு வாய்பாடு தந்தார்கள். தலைக்கு நேர்மேலே உள்ள வானம் அடிவானத்து வானத்தைவிட மூன்று மடங்கு ஒளிர்கிறது என்கிறது அது. கட்டடங்களுக்குள் பகலொளி எவ்வளவு வரும் என்று கணக்கிடுபவர்கள் இன்றும் இதை அடிப்படையாகக் கொள்கிறார்கள். திறந்த வாசலில், மேகத்தடியில், மணமக்களை நிறுத்திப் படம் எடுத்தால் புருவத்தின் கீழும் தாடையின் கீழும் மெல்லிய கருமை படிவதற்குக் காரணம் இந்த மூன்று மடங்குதான். நிழலுக்கு விளிம்பு இல்லாததால் அது நிழலாகத் தெரியாது. முகம் சோர்ந்ததாகத் தெரியும். மழைநாள் படங்கள் சோகமாக இருக்கின்றன என்று பலர் குறைப்படுவது இந்தக் கருமையைப் பார்த்துத்தான்.

தோட்டத்து வீட்டின் கட்டமைப்பு இதற்கு விடை வைத்திருக்கிறது. தாழ்வாரத்தின் கூரை, வானத்தின் மிக ஒளிர்ந்த பகுதியான தலைக்கு மேற்பகுதியை மறைத்துவிடுகிறது. கூரை விளிம்புக்குக் கீழே தெரியும் தாழ்ந்த வானம் மட்டும் மிஞ்சுகிறது. ஒளி இப்போது முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்தை நோக்கி வருகிறது. கண்குழிக்குள் நுழைகிறது, கருவிழியில் வெள்ளைக் கீற்றாகப் பிரதிபலிக்கிறது. கூரை விளிம்பிலிருந்து ஓரிரு மீட்டர் உள்ளே உட்காரவைத்தால் ஒளியும் போதும், திசையும் சரியாக இருக்கும். இன்னும் உள்ளே போகப் போகத் தெரியும் வானம் சுருங்கி ஒளி விரைவாகக் குறையும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்குச் சொன்ன யோசனையும் இதை ஒட்டியே அமைந்தது. முகச் சித்திரம் தீட்ட அந்திவேளையோ மேகமூட்டமோ ஏற்றது என்றார். வெயில் இருந்தால் சுவர் சூழ்ந்த முற்றத்தின் மேல் துணி விரித்துக்கொள்ளச் சொன்னார். தொட்டிக்கட்டு வீட்டுக்காரருக்கு முற்றம் இருக்கிறது. ஐப்பசியில் துணியை வானமே விரித்துவிடுகிறது.

இந்திய சினிமாவில் இதற்கு மறுக்க முடியாத ஒரு சான்று உண்டு. சத்யஜித் ராய் ‘அபராஜிதோ’ படத்துக்காகக் காசியின் பழைய வீடு ஒன்றின் உள்முற்றத்தைத் திறந்தவெளியில் அமைக்க எண்ணியிருந்தார். மழைக்காலம் குறுக்கிடும் என்ற அச்சத்தால் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்ட வேண்டியதாயிற்று. அத்தகைய முற்றத்தில் மேலிருந்து இறங்கிப் பரவும் நிழலற்ற ஒளியை ஸ்டூடியோ விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முதலில் வாதாடினார். பிறகு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, துணியிலிருந்து திரும்பி விழும் ஒளியில் படம் எடுத்தார். 1956-இல் வெளிவந்த அந்தப் படத்தின் காட்சிகள் ஸ்டூடியோவில் எடுத்தவை என்று நம்புவது கடினம். மழைக்குப் பயந்து உள்ளே போனவர்கள், உள்ளே போய்ச் செயற்கையாகச் செய்து பார்த்தது மேகமூட்டத்தின் ஒளியைத்தான்.

அடுத்த மறுப்பு அளவைப் பற்றியது: மழையில் வெளிச்சமே போதாதே? கணக்குப் பார்க்கலாம். உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சாதாரண மேகமூட்டத்தில் 10,000 அளவு. மழை பெய்துகொண்டிருக்கும்போது சில ஆயிரம். தாழ்வாரத்துக்குள் 600 அளவுக்கு வந்துவிடும். வெயிலோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்த 600 லக்ஸில், எஃப்/2 திறப்புள்ள லென்ஸும் ஐ.எஸ்.ஓ. 800-உம் வைத்தால் 1/500 நொடியில் சரியான படம் கிடைக்கும். தாலி முடியும் கை அசையாமல் பதிய அதற்கு மேல் தேவையில்லை. ஐ.எஸ்.ஓ. 100, 200 பிலிம் காலத்தில், குறுகிய திறப்புள்ள லென்ஸோடு இது முடியாத காரியம். அப்போது பிளாஷ் தவிர்க்க முடியாததாக இருந்தது. தேவை போன பிறகும் பழக்கம் நிற்கிறது. ஒளி குறைந்தால் படத்தில் மணல் தூவினதுபோல் புள்ளி விழும் என்பது உண்மைதான். ஒளி ஃபோட்டான்களாக வருகிறது. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். ஒரு பிக்சலுக்கு 10,000 ஃபோட்டான் விழுந்தால் தடுமாற்றம் 100, அதாவது ஒரு சதவீதம். ஒளியைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால் 625 ஃபோட்டானுக்கு 25, அதாவது நான்கு சதவீதம். இழப்பு பதினாறு மடங்கு. கெடுதல் நான்கு மடங்குதான். 12-க்கு 8 அங்குல ஆல்பப் பக்கத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சிட 86 லட்சம் பிக்சல் போதும். 2.4 கோடி பிக்சல் கேமராவின் படம் அந்த அளவுக்குச் சுருங்கும்போது அடுத்தடுத்த பிக்சல்கள் சராசரியாகி அந்தத் தடுமாற்றமும் குறைகிறது.

கேமரா மேல் மாட்டிய பிளாஷ் அளவைக் கொடுத்து வடிவத்தைப் பறிக்கிறது. அதன் முகப்பு ஏழு சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், நான்கு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்க ஒரு பாகைதான். வெயிலின் கூர்மையான நிழலை ஏறத்தாழ அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. மழையில் இன்னொரு கேடும் உண்டு. ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். மணமக்கள் நான்கு மீட்டரில், ஒரு மழைத்துளி அரை மீட்டரில் என்றால், அந்தத் துளியின் மேல் விழும் ஒளி மணமக்கள் மேல் விழுவதைப்போல 64 மடங்கு. ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் அத்தகைய துளிகள் ஒவ்வொன்றும் படத்தில் வெள்ளை வட்டமாக வீங்கித் தெரியும். மழையில் எடுத்த படம் கெட்டுவிட்டது என்று சொல்லும்போது பெரும்பாலும் கெடுத்தது பிளாஷ்தான், மழைமேல் பழி விழுகிறது.

மழையைப் படத்தில் காட்டுவதும் மறைப்பதும் போட்டோகிராபரின் கையில்தான் இருக்கின்றன. ராஸ் கன், கில்பர்ட் கின்சர் இருவரும் 1949-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி இரண்டு மில்லிமீட்டர் துளி விழும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர். 1/60 நொடியில் அது 11 சென்டிமீட்டர் கோடாக நீளும். 1/1000 நொடியில் ஆறேழு மில்லிமீட்டர்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் க்ஷிதிஜ் கர்க், ஸ்ரீ நாயர் இருவரும் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகள், கேமராவின் கண்ணுக்கு மழை எப்போது தெரியும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டன. ஒரு துளி ஏறத்தாழ 165 பாகை விரிவிலிருந்து வரும் ஒளியை வளைத்து நம் பக்கம் அனுப்புகிறது. அதில் வானமும் அடங்குவதால் துளி தன் பின்னணியைவிடப் பெரும்பாலும் ஒளிர்ந்தே இருக்கும். ஆனால் அது ஓர் இடத்தில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் அந்த ஒளி பின்னணியில் கரைந்துவிடும். மழை வேண்டாம் என்றால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும். வேண்டும் என்றால் வேகமாக்கி, துளிகளுக்குப் பின்னால் இருண்ட பாக்குத் தோப்பு வரும்படி நிற்க வேண்டும். வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்தால் எந்த வேகத்திலும் மழை தெரியாது.

நிறத்தில்தான் மழைநாள் உண்மையிலேயே தொல்லை தரும், அந்தத் தொல்லையும் வானத்திலிருந்து வருவதில்லை. மழை வந்ததும் பந்தலின் மேலும் பக்கங்களிலும் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். ஒளி ஊடுருவும் நீலத் தார்ப்பாய் வெள்ளை ஒளியிலிருந்து சிவப்பை வடிகட்டிவிடுகிறது. மஞ்சள் பூசிய முகம் சாம்பலாகிறது. நீலம் மட்டுமே இருந்தால் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஓரளவு சமாளிக்கும். ஒரு பக்கம் நீலப் பந்தல், மறுபக்கம் மஞ்சள் குண்டு பல்பு, நடுவில் வீடியோக்காரரின் எல்.இ.டி. என்றால் முகத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒவ்வொரு திருத்தம் தேவைப்படும். தோப்புக்குள் நின்று எடுக்கும் படங்களிலும் இதே சிக்கல். இலை பச்சையை மட்டும் கடத்தி மற்றதைப் பெரும்பாலும் உறிஞ்சுவதால் முகத்தில் பச்சை படிகிறது. தோப்பு பின்னணியாக இருக்கலாம், கூரையாக இருக்கக் கூடாது.

நனைந்த தரையும் கணக்கில் சேர வேண்டும். காய்ந்த வாசல் மண் மேலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி முகத்தின் அடிப்பகுதியை நிரப்பும். ஈரமண் கறுத்துவிடுகிறது. மண்ணிலிருந்து வெளியேற முயலும் ஒளியில் ஒரு பங்கை மேலே படிந்த நீர்ப்படலம் உள்நோக்கியே திருப்பிவிடுகிறது, மண் அதை மறுபடி உறிஞ்சுகிறது என்று சுவீடன் அறிஞர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1925-இல் விளக்கினார். மழைநாளில் தாடைக்கும் புருவத்துக்கும் கீழே கருமை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பரிகாரம் மணவறையிலேயே இருக்கிறது. சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் விரிந்த வேட்டி கீழிருந்து இருவர் முகத்துக்கும் ஒளியைத் திருப்புகிறது. நிற்கும் படங்களுக்கு, சட்டகத்துக்கு வெளியே தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் போதும்.

எளிதில் ஒதுக்க முடியாத மறுப்பு முகூர்த்த நேரம் பற்றியது. நவம்பர் தொடக்கத்தில் வாழப்பாடியில் சூரியன் உதிப்பது காலை 6.10 அளவில். முகூர்த்தம் 4.30 முதல் 6 மணிக்குள் என்றால் தாலி கட்டும்போது வானத்தில் போதிய ஒளி இருக்காது. இதுவரை சொன்ன மேகத்தால் அந்தப் படத்துக்கு ஒரு பயனும் இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தோற்பது மேகம் மட்டுமே, கொள்கை நிற்கிறது. மித்ரா செய்ததைப்போல விளக்கை மணமக்கள் மேல் அடிக்காமல் பந்தலின் வெள்ளைத் துணிமேலோ சுண்ணாம்பு அடித்த சுவர்மேலோ அடித்தால், அரை மீட்டர் விளக்கு மூன்று மீட்டர் விளக்காகிவிடும். பந்தல் துணி சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அந்த நிறமும் சேர்ந்தே இறங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சூரிய உதயத்துக்குப் பின் வரும் முகூர்த்தங்களுக்கும், எப்படியும் விடிந்த பிறகே நடக்கும் மொய், விருந்து, குடும்பப் படம் எல்லாவற்றுக்கும் வானம் இருக்கவே இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்கள் வேறொரு மறுப்பைச் சொல்வார்கள்: கல்யாண போட்டோ பளிச்சென்று இருக்க வேண்டும், மங்கலாக இருந்தால் மங்கலமாக இராது. இந்த எதிர்பார்ப்பைக் குறைத்து மதிப்பிடுவது சரியில்லை, ஆல்பம் அவர்களுக்காகவும்தான். ஆனால் பளிச்சென்று இருப்பதும் கடுநிழல் விழுவதும் வெவ்வேறு. படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது எக்ஸ்போஷர். மேகமூட்டத்தில் கேமராவின் மீட்டரை அப்படியே நம்பினால் வெள்ளை வேட்டியும் வெளிறிய வானமும் அதை ஏமாற்றி, படம் இருண்டு போகும். மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே கருதும் என்பது தெரிந்தவர் ஒரு படி கூட்டி எடுப்பார். வெயில் படத்தில் அப்படிக் கூட்ட இடமில்லை, வேட்டி வெளுத்துவிடும். மேகத்தடியில் இடம் இருக்கிறது. ஆக, பளிச்சென்ற படத்துக்கும் மேகமே வசதி.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஐப்பசித் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் மாலை நேரத்தில் திரண்டு வரும் இடிமேகம் பட்டப்பகலையே இருட்டாக்கும். அப்போது செய்யக்கூடியது காத்திருப்பதுதான். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி நாள் முழுவதும் பரவிக் கிடக்கும் மேகமே இந்த வாதத்துக்குரியது. ஏ.சி. காரிலிருந்து இறக்கிய கேமரா ஈரக்காற்றில் உடனே வியர்க்கும் என்பதும் உண்மை. 25 பாகை செல்சியஸ் வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் ஈரம், 23 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தக் கண்ணாடியிலும் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்தால் அது தீர்ந்துவிடும்.

இத்தனை சான்றுகளும் சேர்ந்து போட்டோகிராபரின் வேலையை முகூர்த்த நாளிலிருந்து பந்தக்கால் நடும் நாளுக்கு நகர்த்துகின்றன. மணமக்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி உட்காருகிறார்கள். அவர்கள் முகத்துக்கான ஒளி கிழக்குப் பக்கத்துத் தாழ்ந்த வானத்திலிருந்துதான் வர வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் சாரல் அடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே. அதனால் பந்தல்காரர் தார்ப்பாயை இழுத்து அடைக்கும் முதல் பக்கம் கிழக்காக இருக்கிறது. சாரலைத் தடுத்து ஒளியை விட வேண்டும் என்பதே சிக்கல் முழுவதும். மணவறையைத் தாழ்வாரத்துக்குள் ஓரிரு மீட்டர் தள்ளி அமைத்தால், கிழக்கில் நீலத் தார்ப்பாய்க்குப் பதில் வெள்ளைப் பாலிதீன் தாளையோ வெள்ளைத் துணியையோ கட்டினால், அலங்காரப் பலகையை ஒளி வரும் வழியில் நிறுத்தாமல் மணமக்களுக்குப் பின்னால் நிறுத்தினால், சிக்கல் தீர்கிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல லென்ஸின் விலையில் சிறு பங்குகூட இல்லை. நாளைக் குறிப்பது பஞ்சாங்கம், மழையைத் தருவது வங்கக்கடல். இரண்டிலும் போட்டோகிராபருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பந்தலின் எந்தப் பக்கம், எந்த நிறத் துணியால் அடைபட வேண்டும் என்பதில் சொல்ல இருக்கிறது. ஐப்பசிக் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கும் அன்றே அவர் பந்தல்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.